நாலு மூலையிலும் மஞ்சள் பூசிய நோட்டீஸ்

வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு தெளிவாகக் கதைக்கக்கூடிய ஒரேயொரு மனுசியைத்தான் என் வாழ்நாளில் கண்டிருக்கிறேன். லண்டன் மோர்டனில் உடுப்பு வெளுக்கும் கடை ஒன்றின் மூலையில், ஒரு தையல் மெஷினுக்குப் பின்னால் அவர் இருந்தார். கடை வேறு யாருடையதோ. கால் நீளமான களிசானைக் கட்டையாக்குவது, இறுக்கமான சட்டையைத் தளர்த்துவது, அறுந்த சிப்பை மாற்றுவது, இவைதான் அவருடைய வேலை. ஆனால் அந்த மூலையைத் தேடி வந்த எங்கள் ஆட்களில் பாதிப்பேர் களிசானோடு வரவில்லை. வீட்டு வாடகை அக்ரிமென்றோடு வந்தார்கள்.

பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால், "என்ரை பேரை எழுதிறதெண்டால் முதல் எனக்கெல்லோ வாசிச்சுக் காட்டியிருக்கோணும்" என்று சண்டைக்கு வருவார். எல்லாருக்கும் அவர் குண்டூசி அக்கா. அக்ரிமென்றை வாசிக்கும்போது பென்சிலால் ஒரு கோடுகூடப் போட மாட்டார். மற்றவருடைய கடதாசியில் கீறுவது அவருக்குப் பிடிக்காது. முக்கியமான வரி வந்ததும் வாயிலிருந்து ஒரு ஊசியை எடுத்து அந்த வரியின் ஓரத்தில் குத்திவிட்டு அடுத்த வரிக்குப் போவார். வாசித்து முடிந்ததும் ஊசி குத்திய பக்கங்களை மட்டும் திருப்பித் திருப்பிக் காட்டி, இதிலே என்ன இருக்கிறது, அதிலே என்ன இருக்கிறது என்று சொல்லுவார்.

அவர் சட்டம் படித்தவரல்ல. ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் நிலம் துடைத்தவர். இங்கிலீஷ் படித்ததே லண்டனுக்கு வந்த பிறகுதான். ஒருநாள் நான் பகிடியாகக் கேட்டேன், இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று.

"இங்கிலீஷ் வடிவாத் தெரிஞ்சவை பாய்ஞ்சு பாய்ஞ்சு வாசிப்பினம், தம்பி. எனக்குத் தெரியாது. அதாலை எல்லாச் சொல்லையும் வாசிக்கிறன்."

விளங்காத இடம் வந்தால் விளங்கியதாக நடிக்க மாட்டார். இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்லும் நிலையம் எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குப் போய் வரிசையில் நின்றால் ஆளைப் பிடிக்கலாம் என்று துண்டில் எழுதிக் கொடுத்துவிடுவார். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவரை யாரும் வெல்ல முடியாது. பன்னிரண்டு மாதத்துக்கென்று கையெழுத்து வைத்த வீட்டிலிருந்து இடையில் வெளியேற வழி இருக்கிறதா, இல்லையா? அதை எந்தப் பக்கத்தில் ஒளித்து வைத்திருந்தாலும் அவர் கண்டுபிடிப்பார்.

"களிசானும் அக்ரிமென்றும் ஒண்டுதான். ரெண்டையும் நீளமாத்தான் தருவாங்கள். எங்கை வெட்டலாமெண்டு எங்கையோ ஒரு இடத்திலை அடையாளம் இருக்கும். அதைக் கண்டுபிடிச்சு வெட்டோணும். கண்ட இடத்திலை வெட்டினால் துணி பாழ்."

இதை அவர் ஒரு நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

அடையாளமே இல்லாத அக்ரிமென்றும் உண்டு. கோலியர்ஸ் வுட்டில் இருந்த ஒருவருக்கு வேலை பேர்மிங்காமுக்கு மாறிவிட்டது. அக்கா அவருடைய இருபத்திரண்டு பக்கத்தையும் இரண்டு நாள் வாசித்தார். ஒரு ஊசியும் குத்தவில்லை. "இது வெட்டேலாத துணி. உங்களுக்கு உரிமை இல்லை. கேட்கத்தான் ஏலும்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். அந்த மனிதர் அழாத குறை. பிறகு அக்காவே யோசனை சொன்னார். உங்கள் இடத்துக்கு வர நல்ல குடும்பம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போய்க் கேளுங்கள், வீட்டுக்காரர் விட்டாலும் விடுவார், விட்டால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். வீட்டுக்காரர் விட்டார். அந்த எழுத்தையும் அக்கா வாங்கி வாசித்துப் பார்த்த பிறகுதான் அந்த மனிதர் சாமான் ஏற்ற வான் பிடிக்கப் போனார்.

சும்மா சொல்லக்கூடாது, அவரிடம் ஒரு பொல்லாத குணமும் இருந்தது. ஒரு குடும்பஸ்தர் வந்தார். வெள்ளிக்கிழமை விடியற்காலம் வான் வரும், சாமானை ஏற்றிக்கொண்டு போய்விடுவேன், பிறகு வீட்டுக்காரன் என்னைப் பிடிக்காமல் இருக்க அக்ரிமென்றில் ஏதாவது ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டார். அக்கா வாசிக்கவே இல்லை. கடதாசிக் கட்டை அப்படியே தள்ளிவிட்டார்.

"வீட்டை விட்டுப் போறதுக்கு உரிமை இருக்கலாம். ஒளிச்சுப் போறதுக்கு இல்லை. நான் ஓட்டை தேடுற ஆளில்லை."

அவர் அக்காவை வீட்டுக்காரரின் ஆள் என்று ஏசிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்த மனிதருடைய மகளின் பள்ளிக்கூடப் பாவாடையைக்கூடத் தைக்க மாட்டேன் என்று அக்கா நின்றுவிட்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை. தகப்பனில் கோபமென்றால் பிள்ளை என்ன செய்தது என்று கேட்டேன். அடுத்த நாள் பாவாடை தைத்து முடிந்து கொழுவியில் தொங்கியது. காசு வாங்கவில்லை. தகப்பனோடு மட்டும் கடைசிவரை கதைக்கவேயில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்ல எனக்கே வெட்கம்.

நாங்கள் பிரான்சிலிருந்து லண்டனுக்கு வந்த புதிது. கோலியர்ஸ் வுட்டில் ஒரு வீட்டின் மேல்தட்டை வாடகைக்கு எடுத்தோம். தெருவிலிருந்து எங்கள் கதவுக்கு முப்பத்தொரு படி. லிப்ட் கிடையாது. வீட்டுக்காரர் எங்கள் ஊர்க்காரர், வெம்பிளியில் இருந்தார். என்னை விட ஏழெட்டு வயது கூட, அதனால் அண்ணை. பன்னிரண்டு மாத அக்ரிமென்றில் நானும் மனைவியும் கையெழுத்து வைத்தோம். வாசித்தோமா என்று கேட்காதீர்கள். அண்ணையின் முன்னால் இருந்து வாசித்தால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடாதா?

ஐந்தாம் மாதம் மனைவிக்குப் பாரிசவாதம் வந்தது. உயிர் தப்பியது பெரிய காரியம். ஆனால் வலக் கையும் வலக் காலும் சொன்னபடி கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பேர் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து மேலே விட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அவள் தெருவைக் கண்டது யன்னலால்தான். தினமும் நடந்தால் கால் திரும்பும், நடக்காவிட்டால் அப்படியே கிடந்துவிடும் என்று உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க வந்த பெண் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். பத்தடி நீளமுள்ள அறையில் எங்கே நடப்பது? என் மனைவி ஒரு இடத்தில் நிற்காத மனுசி. யன்னலோரக் கதிரையில் இருந்தபடி, "நான் இனி இஞ்சையேதான் போல" என்றாள் ஒருநாள்.

அப்போதுதான் மோர்டனில் ஒரு நிலத்தட்டு வீடு சரிவந்தது. வயதான ஒரு வெள்ளைக்கார அம்மாவுடையது. இருப்பவர்கள் இரண்டரை மாதத்தில் வீட்டை விட்டு எழும்புகிறார்கள், முதலாம் திகதி நீங்கள் வருவதென்றால் பிடித்து வைக்கிறேன், அன்றைக்கு வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். இரண்டு வீட்டுக்கு வாடகை கட்ட என்னால் முடியாது. ஆக, அந்தத் திகதிக்குள் இந்த வீட்டிலிருந்து விடுபட வேண்டும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். கோயிலில் அண்ணையைக் கண்டபோது சொன்னேன். தேரடியில் சனம் நெரிபடுகிறது. அவர் கையில் அவல், என் கையில் அவல். "அண்ணை, நாங்கள் வீட்டை விடப்போறம், மனிசிக்குப் படி ஏறேலாது" என்றேன். அவர் தலையை ஆட்டி, "ஓமோம் தம்பி, பாப்பம்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. ஊர்க்காரருக்குக் கடிதம் எழுதினால் என்ன நினைப்பார்? கோடுக்குப் போய் வழக்குப் போட ஆயத்தம் செய்கிறான் என்று நினைக்க மாட்டாரா?

ஒரு வியாழக்கிழமை, வீட்டுத் திறப்பை எப்போது தரலாம் என்று கேட்கத் தொலைபேசியில் எடுத்தேன். "என்ன திறப்பு? அக்ரிமென்ற் பன்னிரண்டு மாதமெல்லோ" என்றார் அண்ணை. கோயிலில் சொன்னதை நினைவுபடுத்தினேன். "கோயிலிலை ஆயிரம் பேர் ஆயிரம் கதைப்பினம், தம்பி" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. 'பாப்பம்' என்றால் அவருடைய கணக்கில் மாட்டேன் என்பதற்கு மரியாதையான சொல். என்னுடைய கணக்கில் அது சரி என்பதற்கு மரியாதையான சொல்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்ரிமென்றை எடுத்துக்கொண்டு குண்டூசி அக்காவிடம் ஓடினேன். அப்போது அவரை எனக்கு முகப்பழக்கம் மட்டும்தான். யாருடையதோ கலியாணக் கோட்டின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தவர் அதை ஒதுக்கி வைத்துவிட்டு வாசிக்கத் தொடங்கினார். ஒன்பதாம் பக்கத்தில் முதல் ஊசி இறங்கியது.

"இருக்கு. ஆறு மாதம் முடிஞ்சால் ஆரும் இடையிலை முடிக்கலாம். ரெண்டு மாதத்துக்கு முதல் எழுத்திலை சொல்லோணும். வாடகை பாக்கி இருக்கக்கூடாது. இருக்கோ?"

"ஒரு சதமும் இல்லை, அக்கா."

"நல்லது. ஆனால் மாதக் கடைசியோடைதான் முடிக்கலாமெண்டு போட்டிருக்கு." விரலை மடித்து எண்ணினார். "சனிக்கிழமைக்கிடையிலை அவற்றை வீட்டிலை கடிதம் இருக்கோணும். ஒரு நாள் பிந்தினால் ஒரு மாதம் பிந்தும். ஆருக்குச் சொன்னனீங்கள் இதுவரைக்கும்?"

நான் கோயில் கதையைச் சொன்னேன். அவர் வாயிலிருந்த ஊசிகளை எல்லாம் எடுத்து ஊசி மெத்தையில் குத்தினார். ஏச்சு வரும்போது மட்டும்தான் அவர் வாயில் ஊசி இருக்காது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"அவலைத் திண்டுகொண்டு வாயாலை சொன்னனீங்கள்! உங்கடை மனிசியின்ரை காலையெல்லோ அவலோடை சேர்த்து முழுங்கப் பார்த்தனீங்கள்! எழுத்திலை குடுக்க வெட்கமெண்டால் ஏன் எழுத்திலை எடுத்தனீங்கள்?"

பிறகு இரண்டாவது ஊசியை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் குத்தினார். எங்கள் இரண்டு பேருடைய கையெழுத்தும் இருந்த இடம். "எடுக்கேக்கை ரெண்டு பேர். முடிக்கேக்கையும் ரெண்டு பேர். அவவும் கையெழுத்து வைக்கோணும்."

வெள்ளி பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டு அவரே முப்பத்தொரு படியும் ஏறி வந்தார். கடிதம் நாலு வரிதான். பெயர், விலாசம், ஒன்பதாம் பக்கத்துப் பந்தி, முடிகிற திகதி. "தயவுசெய்து", "முடியுமானால்" என்று நான் போட்டிருந்ததை எல்லாம் வெட்டினார். மரியாதை வேறு இடத்தில் இருக்கிறது, கடிதத்தில் திகதி மட்டும் இருந்தால் போதும் என்றார். நான் கையெழுத்து வைத்தேன். மனைவியின் முறை வந்தது.

கையெழுத்து வைக்க ஏலாவிட்டால் கைநாட்டும் வைக்கலாம் என்று நான் தொடங்கினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டேன். வலக் கையில் பேனையைச் செருகி, இடக் கையால் வலக் கையைப் பிடித்து, அவள் எழுதினாள். முதலில் ஒரு பழைய தாளில் நாலைந்து தடவை. பிறகு கடிதத்தில். எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது. அக்கா உதவிக்குப் போகவில்லை, அவசரப்படுத்தவில்லை. சுவரில் தொங்கிய கலண்டரை வாசித்துக்கொண்டிருந்தார், அதையும் ஒவ்வொரு சொல்லாக. முடிந்ததும் நான் எட்டிப் பார்த்தேன். அக்ரிமென்றில் இருந்த கையெழுத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

"இதை ஏற்பினமோ, அக்கா? பழையது மாதிரி இல்லையே" என்று என் வாய் சும்மா இராமல் கேட்டுவிட்டது.

"தம்பி, வாயை மூடுங்கோ. இது அவவின்ரை கையெழுத்து."

மனைவி பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு அக்கா செய்ததுதான் அவருடைய தனித் தொழில். தன் பையிலிருந்து மஞ்சள்தூள் சுற்றிய ஒரு சின்னக் கடதாசிச் சரையை எடுத்தார். மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து, கடித உறையின் நாலு மூலையிலும் தொட்டுப் பூசினார், கலியாணக் கடிதத்துக்குப் பூசுவது போல. "அக்கா, இது நோட்டீஸ்" என்றேன். "நல்ல காரியத்துக்குத்தானே போறியள்?" என்றார். யாருக்கு நோட்டீஸ் எழுதிக் கொடுத்தாலும் இப்படித்தானாம். வெள்ளைக்கார வீட்டுக்காரருக்கும் மஞ்சளோடுதான் போயிருக்கிறது. ஒருவர் அதைக் கறி என்று நினைத்து மணந்து பார்த்தாராம்.

சனிக்கிழமை காலை நானும் அக்காவும் ரெயிலில் வெம்பிளிக்குப் போனோம். அவர் மடியில் ஒரு தட்டம், அதில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்புக் கதலிப்பழம், நடுவில் கடிதம், மேலே ஒரு துவாய். வோட்டர்லூவில் மாறி ஏறிய பிறகு நான் கேட்டேன், தபாலில் போட்டால் ஆகாதா, ஏன் இவ்வளவு கஷ்டம் என்று. சனிக்கிழமைத் தபாலை நம்பினால் உங்களை ஆண்டவன்தான் காப்பாற்ற வேண்டும் என்றார் முதலில். கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே, வேறொரு கதை சொன்னார்.

ஜெர்மனியில் அவர் இருந்த வீட்டுக்காரி நல்ல மனுசி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சூப் வைத்துக் கொண்டு வந்து தருவாள். லண்டனுக்கு வர முடிவானபோது அவளுக்கு எப்படிச் சொல்வதென்று அக்காவுக்குத் தெரியவில்லை. அக்ரிமென்றை வாசிக்கிற அளவுக்குப் பாஷை தெரியாது, எவ்வளவு நாளைக்கு முன் சொல்ல வேண்டும் என்று தெரியாது, சொன்னால் மறித்துவிடுவாளோ என்ற பயம். கடைசியில் திறப்பைத் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"பிறகு ஒராள் சொன்னா, அந்த மனிசி மூண்டு நாளா எங்களைத் தேடித் திரிஞ்சவவாம். ஆஸ்பத்திரிக்கெல்லாம் போய்க் கேட்டவவாம். களவெடுத்துப் போட்டு ஓடினமெண்டு நினைக்கேல்லை, தம்பி. எங்களுக்கு என்னவோ நடந்துபோச்சுதெண்டு நினைச்சிருக்கிறா." தட்டத்துத் துவாயைச் சரிசெய்தார். "அந்த அக்ரிமென்ற் இப்பவும் என்னட்டை இருக்கு. டொச் பாஷை வடிவாத் தெரிஞ்ச ஒராளைக் கொண்டு பிறகு வாசிச்சுப் பார்த்தன். மூண்டு மாதத்துக்கு முதல் ஒரு கடிதம் குடுத்திருந்தால் காணும். ஒரே ஒரு கடிதம்."

அந்தப் பாவாடைக்காரத் தகப்பன் வந்தது இதற்குப் பிறகு. அவரில் அக்காவுக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று எனக்கு விளங்க நெடுநாள் எடுத்தது.

வெம்பிளி வீட்டில் அண்ணையின் மனைவி கதவைத் திறந்தார். அக்கா துவாயை விலக்கித் தட்டத்தை நீட்டினார். மஞ்சளைக் கண்டதும் அந்த அம்மாவின் இரண்டு கையும் தானாக முன்னுக்கு வந்துவிட்டன. எங்கள் பெண்கள் யாருக்கும் வெற்றிலைத் தட்டத்தை ஒற்றைக் கையால் வாங்க வராது, வேண்டாம் என்று தள்ளவும் வராது. "வாங்கோ, வாங்கோ. இஞ்சாருங்கோ, ஆக்கள் வந்திருக்கினம்!" என்று உள்ளே குரல் கொடுத்தார். அண்ணை சாரத்தோடு வந்தார். என்னைக் கண்டதும் கொஞ்சம் முழித்தார். தட்டத்தைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"என்ன தம்பி, ஆருக்குக் கலியாணம்?"

கடிதத்தைப் பிரித்து வாசித்தார். முகம் போன போக்கைச் சொல்ல வேண்டியதில்லை. என்னைப் பார்த்து, உண்மையாகவே மனம் நொந்து கேட்டார்.

"இதை நீ எனக்கு வாயாலை சொல்லியிருக்கலாமே!"

"வாயாலை சொன்னனான் அண்ணை. கோயிலிலை."

அக்கா பிரதியை எடுத்துப் பேனையோடு மேசையில் வைத்தார். கிடைத்தது என்று ஒரு கையெழுத்து வேண்டும் என்றார். "எனக்கு வெத்திலையிலை வைச்சு நோட்டீஸ் தாறியளோ?" என்று அண்ணை எகிறினார்.

"சொல்லிப்போட்டுப் போறம், அண்ணை. உங்களை மதிக்காட்டில் சொல்லாமலெல்லோ போயிருப்பம்? ரெண்டாவது கையெழுத்தை ஒருக்காப் பாருங்கோ. உங்கடை அக்ரிமென்றிலை இருக்கிறதையும் பாருங்கோ" என்றார் அக்கா.

அண்ணை பார்த்தார். அவருடைய மனைவியும் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். குழந்தைப்பிள்ளை எழுதியது மாதிரி நெளிந்து வளைந்து கிடந்தது என் மனைவியின் பெயர்.

"அவவுக்கு இவ்வளவு ஏலாதே?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். நான் முப்பத்தொரு படியைச் சொன்னேன். யன்னலைச் சொன்னேன். அந்த அம்மா புருஷனின் பக்கம் திரும்பி, "கையெழுத்தைப் போடுங்கோப்பா" என்றார், அவ்வளவுதான். அண்ணை போட்டார். போட்டுவிட்டு, "கோயிலிலை நீ படி எண்டு சொன்னது எனக்குக் கேட்கேல்லையடா தம்பி, ஒரே சத்தம்" என்றார். தேத்தண்ணி வந்தது. நாங்கள் கொண்டுபோன வாழைப்பழத்தையே வெட்டித் தந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து, மாதக் கடைசியில், திறப்பை வாங்க அண்ணை நேரே வந்தார். சாமான்களை வானில் ஏற்றியாகிவிட்டது. மனைவி ஒருத்திதான் மிச்சம், யன்னலோரக் கதிரையில். அண்ணை கோட்டைக் கழற்றிப் படிக் கைப்பிடியில் போட்டார். கதிரையின் முன்கால்களை அவர் பிடித்தார், முதுகை நான் பிடித்தேன். "பயப்பிடாதை பிள்ளை, நான் முன்னுக்கு நிக்கிறன்" என்று ஒவ்வொரு படிக்கும் சொல்லிக்கொண்டே இறங்கினார். கீழே அக்கா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். வாயில் ஊசிகள் இருந்தன. கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறார்.

இதெல்லாம் நடந்து எட்டு வருடம் இருக்கும். மோர்டன் வீட்டில் என் மனைவி முதலில் சமையலறைவரை நடந்தாள், பிறகு வாசல்வரை, பிறகு பொல்லை ஊன்றிக்கொண்டு தெரு முனைவரை. அக்காவின் கடைக்குத் தனியே போய் வருவாள். இரண்டு பேரும் என்னைப் பற்றித்தான் கதைப்பார்கள் என்று நினைக்கிறேன்.

போன வருடம் ஒரு பின்னேரம் கதவு தட்டிக் கேட்டது. அக்கா நின்றார். கையில் தட்டம். வெற்றிலை, பாக்கு, கதலிப்பழம், நாலு மூலையிலும் மஞ்சள் பூசிய கடிதம்.

"ஆருக்கு அக்கா கலியாணம்?" என்றேன். சொன்ன பிறகுதான் யார் கேட்ட கேள்வி அது என்று நினைவு வந்தது.

"வாசிச்சுப் பாருங்கோ. பாயாமல் வாசியுங்கோ."

தமிழில் நாலு வரி. மோர்டன் கடை மூலையை இன்ன மாதக் கடைசியோடு விடுகிறேன். ஸ்கொட்லாந்தில் மகளோடு போய் இருக்கப் போகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னதாக இதனால் அறியத் தருகிறேன். கீழே கையெழுத்து. பின்னால் ஒரு பிரதி.

"எங்களுக்கு ஏன் அக்கா நோட்டீஸ்? நாங்கள் என்ன உங்கடை வீட்டுக்காரரோ?"

"ஆர் தேடுவினமோ அவைக்குக் குடுக்கோணும்" என்றார். "இன்னும் ஏழு வீடு இருக்கு."

எனக்கு அழுகை வரப் பார்த்தது. அதை மறைக்கச் சட்டத்தைப் பற்றிக் கதைத்தேன். புதுச் சட்டம் வரப்போகிறதாம், பன்னிரண்டு மாதக் கட்டெல்லாம் இனி இல்லையாம், வாடகைக்கு இருப்பவர் இரண்டு மாதம் முந்தி எழுதிக் கொடுத்தால் எப்போதும் போகலாமாம் என்றேன். அதெல்லாம் தனக்கு எப்போதோ தெரியும் என்று தலையை ஆட்டினார். "நல்ல விஷயம். இனி ஒரு பக்கத்திலையும் ஊசி குத்தத் தேவையில்லை."

"கோயிலிலை அவலோடை சொல்லுறவையை ஆர் ஏசுறது?"

அக்கா பிரதியையும் பேனையையும் என் முன்னால் வைத்தார். கிடைத்தது என்று கையெழுத்து வேண்டுமாம். "நான் போட மாட்டன்" என்றேன், சின்னப்பிள்ளை மாதிரி.

"போடாட்டிலும் போவன், தம்பி. தந்தது தந்ததுதான்."

மனைவி கதிரையிலிருந்து எழும்பி வந்தாள். என் கையிலிருந்து பேனையை வாங்கினாள். வலக் கையால், வேறு பிடி ஒன்றும் இல்லாமல், ஒரே தடவையில் பெயரை எழுதினாள். இப்போதும் கொஞ்சம் நெளிவுதான். அக்கா அதை நெடுநேரம் பார்த்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தார்.

"பஸ் வரைக்கும் வாறன், அக்கா" என்று மனைவி பொல்லை எடுத்தாள். நான் கதவைத் திறந்துவிட்டேன். கடிதத்து மஞ்சள் என் விரலில் ஒட்டியிருந்தது. இரண்டு பேரும் கதைத்துக்கொண்டே தெருவில் இறங்கி நடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் வாசலில் ஒரு படிகூட இல்லை.